நிறுவனச் செலவில் பயிற்சி பெறுவது எப்படி: விண்ணப்பத்திலிருந்து பொறுப்பு மாற்றம் வரை

வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களில் பலருக்கு, தங்கள் நிறுவனம் பணியாளர் பயிற்சிக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறது என்பது தெரியும். அதைத் தமக்காக எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதுதான் தெரியாது. நான் கேட்கத் தொடங்கியபோது மேலாளர் மனிதவளத் துறையைக் கைகாட்டினார். மனிதவளத் துறை மேலாளரின் ஒப்புதலைக் கொண்டுவரச் சொன்னது. நிதிப் பிரிவு, அந்த இருவருமே குறிப்பிடாத ஒரு படிவத்தைக் கேட்டது. எந்தக் காகிதம் எந்த வரிசையில் யாரிடம் போக வேண்டும் என்பதை ஒருவரும் ஓரிடத்தில் எழுதி வைக்கவில்லை. புதிதாக வருபவர்கள் அதே அலைச்சலுக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியை நிறுவனம் தரும் சலுகையாக நினைத்துக் கேட்டால், சலுகைகளை மறுப்பது போலவே எளிதில் மறுத்துவிடுவார்கள். வேலைக்குத் தேவையான செலவாக, எழுத்தில், உரிய காலத்தில் கேட்டால் அதை வேலைச் செலவாகவே பரிசீலிப்பார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் அமைந்துள்ளன.

1. பயிற்சிக் கொள்கை ஆவணத்தைக் கண்டுபிடித்து முழுவதும் படியுங்கள்

பயிற்சிக் கொள்கை, கல்வி உதவித் திட்டம், கட்டண ஈட்டுத் திட்டம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும். பெரும்பாலும் பணியாளர் கையேட்டிலோ நிறுவனத்தின் உள் இணையதளத்திலோ இருக்கும். கிடைக்காவிட்டால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் பதில், பின்னால் நிதிப் பிரிவு ஆட்சேபம் எழுப்பும்போது உங்களுக்கு உதவாது.

ஆவணம் கைக்கு வந்ததும் சில விவரங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாமா, ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு உச்சவரம்பு, எந்தத் தொகைக்கு மேல் போனால் மேலாளருக்கும் மேலே இன்னொரு கையெழுத்து வேண்டும், நிறுவனமே பயிற்சி மையத்துக்கு நேரடியாகப் பணம் கட்டுமா அல்லது நீங்கள் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பப் பெற வேண்டுமா, தேர்வில் தேறினால்தான் பணம் கிடைக்குமா, வேலையை விட்டு விலகினால் என்ன நடக்கும் ஆகியவையே அவை. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆவணத்தில் விடை இல்லையென்றால் அதையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் விழும் குழி, ஒப்புதல் வருவதற்கு முன்பே பணம் கட்டுவது. முன்பதிவுச் சலுகை இன்றோடு முடிகிறது என்று பயிற்சி மையம் அவசரப்படுத்தும். மேலாளரும் வாயளவில் சரி என்றிருப்பார். ஆனால் கட்டண ரசீதின் தேதி ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் அந்த விண்ணப்பத்தை அப்படியே தள்ளிவிடும் விதி பல நிறுவனங்களில் உண்டு. தள்ளுபடியை இழந்தாலும் பரவாயில்லை, ஒப்புதல் கையில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

2. பாடத்திட்டத்தைத் தேடுவதற்கு முன் இடைவெளியை எழுதுங்கள்

நல்ல பயிற்சி ஒன்றைப் பார்த்துவிட்டு அதற்குக் காரணம் தேடுவது தலைகீழான வழி. முதலில் உங்கள் இப்போதைய பணி விவர அறிக்கையையும், நீங்கள் அடைய விரும்பும் அடுத்த பதவியின் பணி விவர அறிக்கையையும் வாங்கி அருகருகே வையுங்கள். அடுத்த பதவிக்கு எழுத்துபூர்வமான அறிக்கை இல்லையென்றால், அதே பதவிக்கு நிறுவனம் வெளியிட்ட பழைய ஆள்சேர்ப்பு விளம்பரம் போதும். இரண்டிலும் உள்ள பொறுப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு, இன்று தனியாகச் செய்ய முடிந்தவை, பிறர் உதவியோடு மட்டுமே செய்ய முடிந்தவை, இதுவரை தொட்டே பார்க்காதவை என்று பிரியுங்கள்.

அதன் பிறகு, இரண்டாம் மூன்றாம் வகைகளுக்கு எதிரே அண்மையில் நடந்த வேலையிலிருந்து சான்று எழுதுங்கள். எந்த வேலை தாமதமானது, எதை வெளி ஆலோசகரிடம் கொடுக்க வேண்டியிருந்தது, எந்த அறிக்கை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது என்பவை நல்ல சான்றுகள். “தரவுப் பகுப்பாய்வில் ஆர்வம் உண்டு” என்ற வரி மேலாளரிடம் எந்த அசைவையும் ஏற்படுத்தாது. “மாதாந்திர விற்பனை அறிக்கைக்கு ஒவ்வொரு முறையும் வேறு பிரிவை நம்பியிருக்கிறோம், அதனால் அறிக்கை பிந்துகிறது” என்ற வரிக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இடைவெளிகள் எல்லாவற்றுக்கும் வகுப்பு தேவைப்படாது. சிலவற்றுக்கு மூத்தவர் ஒருவர் அருகில் சில வாரம் உட்கார்ந்து பார்த்தாலே போதும். சிலவற்றுக்கு ஒரு சிறு திட்டத்தைப் பொறுப்பேற்றுச் செய்வதுதான் வழி. மனிதவளத் துறையினர் எழுபது, இருபது, பத்து என்று ஒரு கணக்கைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கற்றலில் எழுபது பங்கு வேலை அனுபவத்திலிருந்தும், இருபது பங்கு பிறரிடமிருந்தும், பத்து பங்கு வகுப்பிலிருந்தும் வருகிறது என்பது அது. மேலாளர்கள் தங்கள் வளர்ச்சியைப் பற்றித் தாங்களே நினைவுகூர்ந்து சொன்னவற்றிலிருந்து உருவான தோராயக் கணக்கு இது; எல்லாத் தொழிலுக்கும் அளந்து நிறுவப்பட்ட விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் வகுப்பு மட்டும் இருந்து, அதன்பின் செய்யப்போகும் வேலை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், இந்தக் கணக்கைக் காட்டியே அதைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

3. பயிற்சியின் நுழைவுத் தகுதியையும் செல்லுபடிக் காலத்தையும் சரிபாருங்கள்

விளம்பரத்தில் வகுப்பின் நாட்களும் கட்டணமும்தான் பெரிதாகத் தெரியும். சான்றிதழ் வாங்குவதற்கான தகுதி நிபந்தனைகள் சான்றளிக்கும் அமைப்பின் தளத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். அவற்றை நீங்களே போய்ப் படிக்க வேண்டும்.

திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழை எடுத்துக்கொள்வோம். நான்காண்டுப் பட்டம் உள்ளவருக்கு, திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரத் திட்ட மேலாண்மைக் கல்வியும் வேண்டும். 35 மணி நேர வகுப்பை முடித்துவிட்டதாலேயே தேர்வு எழுதும் தகுதி வந்துவிடாது. தகவல் பாதுகாப்புத் துறையின் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்தாண்டு அனுபவம் தேவை. அது இல்லாமல் தேர்வில் தேறுபவர் இணை உறுப்பினராக மட்டும் இருந்து, ஆறு ஆண்டுகளுக்குள் அந்த அனுபவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். கணக்கியலில் ஏசிசிஏ என்ற கணக்காளர் அமைப்பின் உறுப்பினராவதற்கும் தேர்வுகளைத் தவிர 36 மாத நடைமுறை அனுபவம் வேண்டும்.

செல்லுபடிக் காலமும் இதே அளவு முக்கியமானது. மேகக் கணிமைச் சேவையான அமேசான் வெப் சர்வீசஸின் சான்றிதழ்களும், கணினி வலையமைப்புக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழும் மூன்று ஆண்டுகள் செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் பணிப்பொறுப்பு சார்ந்த பெரும்பாலான சான்றிதழ்கள் ஓராண்டே செல்லும். ஆனால் அவற்றை இணையவழியில் கட்டணமின்றிப் புதுப்பிக்கலாம். பிஎம்பி வைத்திருப்பவர், தொடர்ந்து கற்பதற்காகக் கணக்கிடப்படும் தொழில் மேம்பாட்டுப் புள்ளிகளை மூன்று ஆண்டுகளில் 60 சேர்க்க வேண்டும். சிஐஎஸ்எஸ்பி வைத்திருப்பவர் அதே காலத்தில் 120 புள்ளிகளைச் சேர்ப்பதோடு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆக, இன்று கேட்கும் பணத்தோடு செலவு முடிவதில்லை. புதுப்பிப்புக்கு யார் கட்டுவார்கள் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். இத்தகைய நிபந்தனைகளை அமைப்புகள் அவ்வப்போது திருத்துவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தை மீண்டும் ஒருமுறை பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

இன்னொன்று: வருகைச் சான்றிதழும் தேர்ச்சிச் சான்றிதழும் ஒன்றல்ல. வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தரப்படும் காகிதத்தை, திறன் தேர்வில் தேறியதற்கான சான்றாகப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பயிற்சி மையம் எதைத் தரப்போகிறது என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. முழுச் செலவையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

வகுப்புக் கட்டணத்தை மட்டும் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டு, தேர்வுக் கட்டணத்துக்காக மறுபடியும் போய் நிற்பவரை நிதிப் பிரிவு அடுத்த முறை எளிதில் நம்பாது. எனவே எல்லாவற்றையும் முதலிலேயே எழுதுங்கள்: வகுப்புக் கட்டணம், அதன் மீதான வரி, தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், பாடநூல்கள், மென்பொருள் உரிமம், பயணமும் தங்குமிடமும், புதுப்பிப்புச் செலவு. கட்டணம் அயல்நாட்டு நாணயத்தில் இருந்தால், எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்பதையும், விகிதம் ஏறினால் வரும் வேறுபாட்டை யார் ஏற்பது என்பதையும் குறிப்பிடுங்கள்.

மறுதேர்வுக் கட்டணத்தை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். தோற்றுவிடுவேன் என்று நானே சொல்வது போலாகாதா என்று நினைக்கிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை, தேர்வு நடத்தும் அமைப்புகளே இதற்கு விதி வைத்திருக்கின்றன. அமேசான் வெப் சர்வீசஸ் தேர்வில் தவறினால் 14 நாள் காத்திருந்து, முழுக் கட்டணத்தையும் மீண்டும் கட்டி எழுத வேண்டும். பிஎம்பி தேர்வை, தகுதி உறுதியான ஓராண்டுக்குள் மூன்று முறை வரை எழுதலாம். ஒரு மறுதேர்வுக்கான தொகையைத் தனி வரியாகக் காட்டி, தேவைப்பட்டால் மட்டும் என்று எழுதுவது பொறுப்பான கணக்குதான்.

நீங்கள் வேலையில் இல்லாத மணி நேரங்களும் செலவே. மேலாளரின் மனத்தில் பெரும்பாலும் இதுதான் முதலில் ஓடும். எத்தனை வேலை நாட்கள் போகும், அவற்றில் எவை உங்கள் சொந்த நேரம், உங்கள் வேலையை அந்த நாட்களில் யார் பார்ப்பார் என்பதை அதே தாளில் எழுதுங்கள். நிறுவனம் கட்டும் கல்விக் கட்டணம் சில நாடுகளில் பணியாளரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படலாம் என்பதால், சம்பளப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

5. நிதியாண்டை வைத்துத் தேதியைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலானோர் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில்தான் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். பல நிறுவனங்களில் அதற்குள் அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்திருக்கும். பட்ஜெட் எப்போது மூடப்படுகிறது என்று கேட்டறிந்து, அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே உங்கள் தாளை மேலாளரிடம் கொடுங்கள். அவர் தன் பிரிவின் தேவைகளைப் பட்டியலிடும்போது உங்கள் பெயரும் தொகையும் அதில் ஏறிவிட்டால், பிற்பாடு கேட்பது வெறும் நடைமுறையாகிவிடும்.

அந்தக் காலம் கடந்துவிட்டால் நிதியாண்டின் கடைசி மாதங்களைக் கவனியுங்கள். செலவாகாமல் மிஞ்சும் தொகை அடுத்த ஆண்டுக்கு வராத நிறுவனங்களில், தயாராக இருக்கும் விண்ணப்பத்துக்கு அப்போது ஒப்புதல் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒப்புதல் இந்த நிதியாண்டிலும் தேர்வு ரசீது அடுத்த நிதியாண்டிலும் விழுந்தால் பணம் எந்தக் கணக்கில் போகும் என்ற சிக்கல் எழும். பணம் கட்டும் தேதி, வகுப்புத் தேதி, தேர்வுத் தேதி மூன்றையும் எழுதி, எது எந்த நிதியாண்டில் வருகிறது என்று நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

6. ஒரு பக்க விண்ணப்பமும் அதன் இணைப்புகளும்

விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் வேலையில் உள்ள இடைவெளி, இரண்டாவதில் அதை நிரப்பும் பயிற்சி, மூன்றாவதில் செலவும் நாட்களும், நான்காவதில் பயிற்சிக்குப் பின் நீங்கள் ஏற்கும் வேலை என்று வரிசைப்படுத்துங்கள். உங்கள் எதிர்காலக் கனவுகளுக்கு இதில் இடம் வேண்டாம். அவற்றை நேரில் பேசும்போது சொல்லலாம்.

நான்காவது பத்திதான் பலருடைய விண்ணப்பத்தில் இருப்பதில்லை. அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “பயிற்சி முடிந்த மூன்று மாதங்களுக்குள், இப்போது வெளியில் கொடுத்துச் செய்யும் காலாண்டுத் தர ஆய்வை நானே செய்யும் பொறுப்பை ஏற்கிறேன். பயிற்சியில் கற்றதை எங்கள் குழுவுக்கு இரண்டு அமர்வுகளில் விளக்குகிறேன். தங்கள் ஒப்புதலை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” வாக்குறுதி அளக்கக்கூடியதாக இருக்கட்டும், உங்கள் கையை மீறிய விற்பனை உயர்வு, லாப உயர்வு ஆகியவற்றை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நிறுவனம் ஐஎஸ்ஓ 9001 தரச்சான்று பெற்றதாக இருந்தால் உங்களுக்கு ஒரு கூடுதல் பிடி உண்டு. அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில் 7.2 ஆம் பிரிவு, வேலையின் தரத்தைப் பாதிக்கும் பணிகளைச் செய்பவர்களுக்கு என்ன திறன் வேண்டும் என்று நிறுவனம் தீர்மானிக்க வேண்டும், குறை இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும், அந்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மதிப்பிட வேண்டும், திறனுக்கான ஆவணச் சான்றை வைத்திருக்க வேண்டும் என்று கோருகிறது. உங்கள் இடைவெளிப் பட்டியலும் பயிற்சிக்குப் பிந்தைய அறிக்கையும் தணிக்கையாளரிடம் காட்டத்தக்க அத்தகைய சான்றுகளே. தரப் பிரிவின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னால் உங்கள் விண்ணப்பத்துக்கு அவரும் துணை நிற்கக்கூடும்.

இணைப்பாக, பணி விவர ஒப்பீடு, பாடத்திட்டம், பயிற்சி மையத்தின் விலைப்புள்ளி, தகுதி நிபந்தனைகளின் அச்சுப்படி, செலவுத் தாள், நீங்கள் இல்லாத நாட்களில் வேலையைப் பார்க்க ஒப்புக்கொண்ட சக ஊழியரின் மின்னஞ்சல் ஆகியவற்றை வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மையங்களின் விலைப்புள்ளியைக் கொள்முதல் விதி கோரலாம். கேட்ட பிறகு ஓடுவதைவிட முன்பே வாங்கி வைப்பது மேல். விலைப்புள்ளியிலும் பின்னர் வரும் ரசீதிலும் யார் பெயர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரா உங்கள் பெயரா என்பதை நிதிப் பிரிவிடம் கேட்டுவிட்டு மையத்திடம் சொல்லுங்கள். பெயர் மாறியதால் திரும்பிய ரசீதைத் திருத்தி வாங்குவது, வகுப்பு முடிந்த பிறகு மிகவும் கடினம்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் மேலாளரை நேரில் சந்தித்து இந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். அவர் எதிர்பாராமல் அதை மின்னஞ்சலில் பார்ப்பதும், தான் ஏற்கெனவே பேசித் திருத்திய ஒன்றைப் பார்ப்பதும் வேறு வேறு. பேசி முடித்த அன்றே, பேசியதன் சாரத்தை மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

7. பணிப்பிணை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் வரிவரியாகப் படியுங்கள்

செலவு பெரிதாக இருந்தால் நிறுவனம் ஓர் ஒப்பந்தத்தை நீட்டும். பேச்சுவழக்கில் எல்லோரும் பாண்ட் என்று சொல்லும் இதில், பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் வேலையில் இருக்க வேண்டும், முன்னரே விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். ஒப்புதல் கிடைத்த மகிழ்ச்சியில் இதைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்களே அதிகம். இந்த முழு நடைமுறையிலும் உங்களுக்கு உண்மையான இழப்பை ஏற்படுத்தக்கூடிய காகிதம் இது ஒன்றுதான். ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். அவகாசம் தர மறுத்தால் அதையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

முதலில் தொகையைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டியது உண்மையில் செலவான தொகையாக மட்டும் இருக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் பயிற்சி நாட்களின் சம்பளம், நிர்வாகச் செலவு, காரணம் சொல்லாத அபராதம் ஆகியவையும் சேர்ந்து தொகை பலமடங்காக நிற்கும். எந்தெந்தச் செலவு என்று பட்டியலிட்டு, ரசீது உள்ள செலவுக்கு மட்டும் என்று வரம்பு வைக்கக் கேளுங்கள்.

அடுத்து, தொகை காலத்தோடு குறைகிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுப் பிணையில் 23 மாதம் வேலை செய்தவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றால் அது நியாயமில்லை. மாதத்துக்கு 24 இல் ஒரு பங்கு வீதம் குறைந்துகொண்டே வரும்படி எழுதக் கேட்பது முறையான கோரிக்கை. அந்த 24 மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வகுப்பு முடிந்த நாளா, சான்றிதழ் வந்த நாளா, பணம் வழங்கிய நாளா என்பதில் சில மாதங்கள் வேறுபடலாம்.

மூன்றாவதாக, விலகல் என்ற வார்த்தைக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்று தேடுங்கள். நீங்களாக ராஜினாமா செய்வது வேறு, நிறுவனம் ஆட்குறைப்பு செய்வது வேறு. ஆட்குறைப்பு, கடும் நோய், அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றம் ஆகிய நிலைகளில் பணம் கேட்கக் கூடாது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். “எக்காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலும்” என்ற சொற்றொடர் இருந்தால் அதை மாற்றாமல் கையெழுத்திடாதீர்கள். நிறுவனம் பயிற்சியை நடுவில் ரத்து செய்தால் என்ன, தேர்வில் தேறாவிட்டால் என்ன என்பவற்றுக்கும் விடை இருக்கட்டும். கடைசிச் சம்பளத்திலிருந்து முழுத் தொகையையும் ஒரேயடியாகப் பிடிக்கும் அதிகாரத்தைத் தந்துவிடாமல், தவணையில் செலுத்தும் வழியைக் கேளுங்கள். உங்கள் அசல் கல்விச் சான்றிதழ்களைப் பிணையாக ஒப்படைக்கக் கேட்டால் எந்நிலையிலும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

சட்டப்படி கட்டாயமான பயிற்சிக்குப் பிணை கேட்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 எண் நெறிமுறையின் 13 ஆம் பிரிவு, வேலையைச் செய்வதற்காகப் பணியளிப்பவர் தந்தே ஆக வேண்டிய பயிற்சியைப் பணியாளருக்குச் செலவின்றித் தர வேண்டும், அதை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1974 ஆம் ஆண்டின் 140 ஆம் எண் உடன்படிக்கை, ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பைப் பற்றியது. அதை ஏற்ற நாடுகளில் இதற்கான ஏற்பாடு இருக்கும். உங்கள் நாட்டில் என்ன சட்டம் என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டறியுங்கள். பெரிய தொகைக்கான ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்ட ஆகும் கட்டணம் வீண் செலவாகாது.

கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அன்றே உங்கள் கைக்கு வர வேண்டும்.

8. மறுப்பு வந்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதி இல்லை என்பதும், உங்கள் பணிக்குத் தொடர்பில்லை என்பதும், இப்போது ஆளை விட முடியாது என்பதும் மூன்று வெவ்வேறு மறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. நிதி இல்லையென்றால் தேர்வுக் கட்டணத்தை மட்டுமோ, வேலை நேரத்தில் வாரத்துக்குச் சில மணி நேரத்தை மட்டுமோ கேட்கலாம். தொடர்பில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிச் சான்றுகளை வலுப்படுத்த வேண்டும். ஆளை விட முடியாது என்றால் எந்த மாதத்தில் முடியும் என்று ஒரு தேதியை வாங்குங்கள். பணம் செலவாகாத வழிகளும் உண்டு. மூத்தவரிடம் வழிகாட்டுதல் பெறுவது, வேறு பிரிவில் குறுகிய காலம் பணியாற்றுவது, நிறுவனம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் இணையவழிப் பாடங்களைப் பயன்படுத்துவது ஆகியவற்றுக்கு அதே விண்ணப்பத்தைச் சிறிது மாற்றிக் கொடுத்தால் போதும்.

9. பயிற்சிக் காலத்தில்

வேலையை ஒப்படைக்கும் குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வருகைப் பதிவில் உங்கள் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சான்றிதழில் வரும் எழுத்துப்பிழையைப் பின்னர் திருத்துவது பெரும் தொல்லை. ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்து அதிக நாள் இடைவெளி விடாமல் தேர்வுத் தேதியைப் பதிவு செய்யுங்கள். வேலைப் பளு மீண்டும் அழுத்தத் தொடங்கினால் படித்தது கைவிட்டுப் போய்விடும்.

10. பணத்தைத் திரும்பப் பெறுதலும் மூன்று மாத அறிக்கையும்

திரும்பப் பெறும் கோரிக்கைக்குக் காலக்கெடு இருக்கும். பயிற்சி முடிந்த நாளிலிருந்தா, ரசீது தேதியிலிருந்தா என்று பார்த்து, கெடுவுக்கு முன்பே ஒப்புதல் கடிதம், ரசீது, பணம் செலுத்திய வங்கிச் சான்று, தேர்ச்சிச் சான்று நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு வரத் தாமதமானால், தேர்வு எழுதியதற்கான சான்றை இணைத்து, காலநீட்டிப்பை எழுத்தில் கேளுங்கள்.

பயிற்சியின் பலனை அளக்க, டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளைப் பல மனிதவளத் துறைகள் பின்பற்றுகின்றன: பங்கேற்றவரின் கருத்து, கற்றது எவ்வளவு, வேலை செய்யும் முறையில் வந்த மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. வகுப்பின் முடிவில் நிரப்பச் சொல்லும் படிவம் முதல் நிலையை மட்டுமே தொடுகிறது. உங்கள் வளர்ச்சிக்குப் பயன்படுவது மூன்றாவதும் நான்காவதும். அவற்றை யாரும் வந்து கேட்க மாட்டார்கள், பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து நீங்களேதான் ஓர் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பிழை வந்தது என்பதைக் குறித்து வைத்திருந்தால்தான் மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியும். ஆகவே பயிற்சிக்குப் போவதற்கு முந்தைய வாரமே அந்த எண்களைக் குறித்துவிடுங்கள்.

11. கற்றதைப் பதவியாக மாற்றுதல்

சான்றிதழ் வந்துவிட்டது என்று காத்திருந்தால் எதுவும் தானாக நடக்காது. விண்ணப்பத்தில் வாக்களித்த பொறுப்பு உங்களிடம் எழுத்துபூர்வமாக வந்துவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய வேலையும் குறையாமல், புதிய பொறுப்பும் பெயரில்லாமல் சேர்ந்துகொண்டால், பளு மட்டும் கூடியிருக்கும். மூன்று மாத அறிக்கையைக் கொடுக்கும் சந்திப்பிலேயே மேலாளரிடம் மூன்று காரியங்களைக் கேளுங்கள்: பணி விவர அறிக்கையில் புதிய பொறுப்பைச் சேர்ப்பது, மனிதவளத் துறையின் திறன் பதிவேட்டில் சான்றிதழைப் பதிவு செய்வது, அடுத்த பதவிக்கு இன்னும் எவை மீதம் என்று சொல்வது. கடைசிக் கேள்விக்கான பதிலைத் தேதியுடன் மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். மேலாளர் மாறினால் வாய்ச்சொல் அவரோடே போய்விடும். புதியவர் வரும்போது உங்களிடம் இருப்பது அந்த மின்னஞ்சல் மட்டுமே.

நிறுவனத்துக்குள் வெளியாகும் காலியிட அறிவிப்புகளையும் தொடர்ந்து பாருங்கள். இப்போதைய பதவியில் குறைந்தது இத்தனை மாதம் இருந்தவர்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையும் உங்கள் பணிப்பிணைக் காலமும் வேறு வேறு என்பதால், இரண்டும் முடியும் தேதிகளைத் தனித்தனியே குறித்து வையுங்கள்.

ஒப்புதல் கடிதம், ஒப்பந்தப் பிரதி, ரசீதுகள், சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை உங்கள் சொந்தச் சேமிப்பிடத்தில் வைத்திருங்கள். வேலையை விட்ட அன்றே நிறுவன மின்னஞ்சல் அடைபட்டுவிடும். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்கள் எதையும் அவற்றோடு சேர்க்கக் கூடாது. சான்றிதழ் காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அந்தத் தேதி வரும் நிதியாண்டின் பட்ஜெட் மூடப்படுவதற்கு முன்பே புதுப்பிப்புக் கட்டணத்துக்கான வரியை மேலாளரின் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள்.